சமமானது என்று இரண்டு வரி

ஜூன் 17, செவ்வாய்

இன்சூரன்ஸ்காரர் ஜனவரியில் கொடுத்துவிட்டுப் போன டைரி. இதுவரைக்கும் பால் கணக்குக்குக்கூட ஆகாமல் கிடந்தது. இன்றைக்குப் பட்ட எரிச்சலை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். வீட்டில் இவரிடம் சொல்ல ஆரம்பித்தால் காதுக் கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிடுகிறார். அதனால் இதில் எழுதுகிறேன்.

நான் இந்தப் பல்கலைக்கழகத்தில் கணினித் துறைத் தலைவர். பெயர்ப் பலகை அப்படித்தான் சொல்கிறது. எங்கள் எம்.சி.ஏ. பிள்ளைகளுக்கு டேட்டாபேஸ் முக்கியமான பாடம். பெயர், ஊர், சம்பளம், சரக்கு என்று எதையும் அட்டவணையாகப் போட்டு வைத்து, கேட்டதைக் கேட்டபடி எடுத்துத் தருகிற மென்பொருள். வேலைக்கு ஆள் எடுக்க வருகிறவர்கள் முதலில் கேட்பதே இதைத்தான். இத்தனை வருஷமும் ஒரு பெரிய கம்பெனி, பாடம் நடத்த மட்டும் என்று சொல்லித் தன் மென்பொருளை எங்களுக்கு இனாமாகக் கொடுத்துவந்தது. அதன் பெயரை எழுதக்கூட எனக்கு மனம் வரவில்லை. கம்பெனிச் சரக்கு என்றே எழுதுகிறேன். அந்த இனாம் திட்டம் முடிந்துவிட்டதாம். இனி ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் வருஷா வருஷம் பணம் கட்ட வேண்டுமாம். தொகையைப் பார்த்துவிட்டு, ஒரு சைபர் கூடுதலாக விழுந்திருக்கும் என்று நினைத்து மெயிலில் கேட்டேன். சரிதான், வரி தனி என்று பதில் வந்தது.

இவரிடமும் சொல்லிப் பார்த்தேன். மின்வாரியத்தில் இருந்து ரிட்டையர் ஆனவர். "மொதல்ல ஓசில குடுத்துப் பழக்குவான், பெறவு துட்டு கேப்பான். இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கியே" என்றார். அடுப்படிக் குழாய் சொட்டுகிறது. வாஷர் போயிருக்கும்.

ஜூன் 20, வெள்ளி

சிகாமணி அறைக்கு வந்தார். ஞானசிகாமணி என்று முழுப்பெயர். எங்கள் துறையில் ஒரே கௌரவ விரிவுரையாளர். கௌரவம் என்று பெயர்தான், மாதச் சம்பளம் பல்கலைக்கழக டிரைவருக்கு வருவதில் பாதி. அதையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் கொடுப்பார்கள். டேட்டாபேஸ் லேப் முழுக்க அவர் கையில்தான் நடக்கிறது. பாடம் நடத்துவார், கேபிள் மாட்டுவார், எலி கடித்த வயரை ஒட்டுவார்.

கடிதத்தைக் காட்டினேன். அவர் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. இதே வேலையைச் செய்கிற இலவச மென்பொருள் இருக்கிறது, உலகம் பூராவும் ஓட்டுகிறார்கள், கேள்வி கேட்கிற மொழியும் அதேதான், இறக்கிப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்றார். எனக்கு உயிர் வந்தது. பிறகுதான் பாடத்திட்டம் ஞாபகத்துக்கு வந்தது.

பாடத்தின் பெயரிலேயே கம்பெனிச் சரக்கின் பெயரை அச்சடித்து வைத்திருக்கிறோம். டேட்டாபேஸ் ஆய்வகம் என்று போடாமல், அந்த மென்பொருள் பெயரைப் போட்டு ஆய்வகம் என்று. இனாமாகக் கிடைத்த காலத்தில் யாருக்கும் அது உறுத்தவில்லை. அந்தப் பெயரை எடுக்கப் பாடத்திட்டக் குழு கூட வேண்டும், பிறகு கல்விக் குழு, பிறகு ஆட்சிக்குழு. துணைவேந்தர் நாற்காலி காலியாகக் கிடப்பதால் ஒரு குழுவும் கூடாது. பெயர் இருக்கிறவரை அந்தச் சரக்கில்தான் நடத்த வேண்டும், அதில்தான் பரீட்சை வைக்க வேண்டும். யாராவது கேட்டால் சிரிப்பார்கள்.

ஜூலை 1, செவ்வாய்

குழாய்க்காரர் வரவில்லை. மென்பொருள் ஃபைல் பதிவாளர் அறையில் கிடக்கிறது.

ஜூலை 4, வெள்ளி

பதிவாளர் உலகநாதன் கூப்பிட்டிருந்தார். பொறுப்புப் பதிவாளர். இங்கே எல்லாரும் பொறுப்புதான், நிரந்தரமாக இருப்பது வாசலில் படுத்திருக்கிற நாய் மட்டும். நிதி அலுவலரும் இருந்தார். மென்பொருள் வாங்க இந்த வருஷ பட்ஜெட்டில் தலைப்பே இல்லை என்றார் நிதி. தொடக்கூடிய பணம் ஒரே இடத்தில்தான் கிடக்கிறதாம், கௌரவ விரிவுரையாளர் தொகுப்பூதியத்தில். கம்பெனிச் சரக்கை வாங்கினால் எங்கள் துறைக்கு அந்த ஆள் கிடையாது. செப்டம்பரிலிருந்து சிகாமணிக்கு வேலை இல்லை.

எனக்குச் சுருக்கென்றது. சிகாமணிக்கு இது வெறும் வேலை இல்லை. பத்து வருஷம் இடைவெளி இல்லாமல் வேலை பார்த்தவர்களை நிரந்தரம் செய்யலாம் என்று ஒரு பேச்சு நடக்கிறது, பட்டியல்கூடத் தயாராகிறது. அவருக்கு இது பத்தாவது வருஷம். நடுவில் விட்டால் பழையது எதுவும் கணக்கில் வராது. வயதும் தாண்டிவிட்டது, வேறு எந்தக் காலேஜும் எடுக்காது. இதையெல்லாம் நான் பதிவாளரிடம் அழுத்திச் சொன்னேன்.

உலகநாதன் நல்ல மனிதர். நிதி வெளியே போனதும் சொன்னார்: "மேடம், ஒரு வழி இருக்கு. இலவச மென்பொருள் அதுக்குச் சமமானது, இத வச்சே பாடமும் பரீட்சையும் நடத்தலாம்னு துறைத் தலைவர் ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாப் போதும். அத வச்சு நான் உத்தரவு போட்டிருவேன். வாங்கவே வேண்டாம்."

இரண்டு வரிதானே. மனசு லேசாகிவிட்டது. வரும் வழியில் சிகாமணியிடம் சொன்னேன், அவர் கண் கலங்கிவிட்டது. நாளைக்குச் சனி. திங்கட்கிழமை எழுதிவிடலாம்.

ஜூலை 8, செவ்வாய்

சங்கரலிங்கம் சார் வீட்டுக்கு வந்திருந்தார். எனக்கு முன்னால் துறைத் தலைவராக இருந்தவர். ரிட்டையர் ஆகி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் முழு பென்ஷன் வரவில்லை. மர நாற்காலி வாங்க அனுமதி வாங்கிவிட்டு, விலை குறைவு என்று பிளாஸ்டிக் நாற்காலி வாங்கினார். இதுவும் அதற்குச் சமமானதுதான் என்று ஃபைலில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். ஆடிட்டில் பிடித்துக்கொண்டார்கள். மிச்சப்படுத்திக் கொடுத்ததற்குத்தான் இந்தப் பாடு. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்தாராம். ஆட்டோவுக்கு என்ன கேடு என்று இவர் கேட்டார், அவர் சிரித்து மழுப்பினார். சட்டைக் காலர் திருப்பித் தைத்திருந்தது.

அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது நாற்காலி, இது மென்பொருள். வந்தார் என்பதால் எழுதினேன். எனக்கு வரும் மே மாதத்தோடு சர்வீஸ் முடிகிறது.

ஜூலை 11, வெள்ளி

சிகாமணி அந்த இரண்டு வரியையும் அவரே டைப் அடித்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நன்றாகத்தான் அடித்திருந்தார். ஆனால் ஓரத்தில் இடம் விடவில்லை, ஃபைலில் துளை போட்டால் எழுத்து போய்விடும். திரும்ப அடித்து வரச் சொன்னேன். சின்ன விஷயம்தான், ஆனால் நான் எதையும் ஒழுங்காகச் செய்கிறவள்.

மதியம் புதுசாக அடித்து வந்தார். என் பேனா மை கக்கியது. திங்கட்கிழமை.

ஜூலை 22, செவ்வாய்

இன்றைக்கு மனசுக்கு நிறைவான நாள்.

அனுமதி வருகிறபோது வரட்டும், பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாம் என்று சிகாமணி இலவச மென்பொருளை லேப் முழுக்கப் போட்டுவிட்டார். போய்ப் பார்த்தேன். பழைய கம்ப்யூட்டர்கள்தான், முனகாமல் ஓடுகின்றன. ஒரு பிள்ளையும் செல்போனைப் பார்க்கவில்லை. எல்லாரையும் அவரவர் வீட்டுச் சங்கதி எதையாவது அட்டவணையாகப் போடச் சொல்லியிருந்தார். ஒருத்தன் அவன் அப்பா ஆட்டுக்குட்டிகளைப் போட்டிருந்தான், எது எப்போது ஈன்றது என்று.

பேச்சியம்மாள் என்று ஒரு பெண், கடைசி வரிசை, வாய் திறக்காதது. அவள் அம்மா பீடி சுற்றுகிறவர். சுற்றிய கட்டுகளைக் கம்பெனியில் கொடுத்தால் கணக்கர் சிலதைக் கழிவு என்று தள்ளிவிடுவார், அதற்குக் கூலி கிடையாது. எந்தத் தேதியில் எந்தக் கணக்கர் எத்தனை கட்டு தள்ளினார் என்று வீட்டுக் காலண்டரில் கிறுக்கி வைத்ததையெல்லாம் பேச்சி ஏற்றியிருக்கிறாள். ஒரு கேள்வி போட்டுக் காட்டினாள். தள்ளினதில் பெரும்பாலும் ஒரே ஒரு கணக்கர் உட்காருகிற நாட்களில்தான். "அம்மாட்ட சொன்னேன் மேடம். தீபாவளி போனஸ் கேக்கப் போறப்ப மத்த பொம்பளையளையும் கூட்டிட்டுப் போயி இதையும் கேக்கப் போறாவளாம். அதுக்குள்ள எல்லாத்தையும் ஏத்திருவேன்" என்றாள். அந்தப் பெண் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

முப்பது வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன், இப்படி ஒரு லேப் வகுப்பை நான் நடத்தியதில்லை. சந்தோஷமாக இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும். சிகாமணியிடம் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். "அந்தக் கடிதம் மேடம்" என்றார். மறந்தே போயிருந்தேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

உலகநாதன் போன் செய்தார். பதினான்காம் தேதிக்குள் என் கடிதம் வராவிட்டால் வாங்குவதற்கான உத்தரவு போய்விடும், நிதி நெருக்குகிறாராம். எனக்கு ஒன்றும் ஆட்சேபணை இல்லை, ஆனால் இப்படி ஒரு கடிதம் எழுதும்படி நீங்கள் எனக்கு எழுத்தில் உத்தரவு கொடுங்கள் என்று கேட்டேன். முறை அதுதானே. அவர் சிரித்துவிட்டார். "எழுத்துல குடுக்க எனக்குத் தைரியம் இருந்தா ஒங்கள எதுக்கு மேடம் கேக்கப் போறேன்" என்றார். பெரிய பொறுப்பில் இருக்கிறவர் இப்படிப் பேசலாமா. கோழை.

குழாய் இப்போது சொட்டவில்லை, ஒழுகுகிறது. அடியில் வாளி வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 6, புதன்

சிகாமணி சாப்பாட்டு நேரத்தில் வந்தார். அவர் மனைவி சலோமி ஒரு பை நிறையக் கொய்யாப்பழம் கொடுத்துவிட்டிருந்தார், வீட்டு மரத்துப் பழம். பையை வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மேடம், ஒண்ணு கேக்கேன், தப்பா எடுத்துக்கிடாதீங்க. நீங்க கையெழுத்துப் போடுவீங்களா, மாட்டீங்களா? மாட்டேன்னாலும் சரிதான், சொல்லிருங்க. ஜூன் மாசமே வள்ளியூர்ல ஒரு ஸ்கூல்ல கேட்டாவ, ஒங்கள நம்பி வேண்டாம்னுட்டேன். இப்பவும் கேட்டா ஒருவேள எடுத்துக்கிடுவாவ."

எனக்கு வருத்தமாகிவிட்டது. இத்தனை வருஷம் பழகியும் மனிதர் என்னைப் புரிந்துகொள்ளவில்லை. "போடாம எங்க போகப் போறேன் சிகாமணி? ஸ்கூலுக்கெல்லாம் போகாதீங்க. நான் இருக்கேம்லா" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். பழம் நல்ல இனிப்பு. இவர் தோலோடு தின்று தீர்த்தார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

உடம்பு சரியில்லை. மண்டையிடி. லீவு சொல்லிவிட்டு மாத்திரை போட்டுப் படுத்திருந்தேன். சிகாமணி இரண்டு தடவை போன் செய்திருக்கிறார், சத்தம் கேட்கவில்லை. நாளை சுதந்திர தினம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வருவார்கள் என்று மதியத்துக்கு மேல் முறுக்கு சுட்டேன். நன்றாக வந்தது.

ஆகஸ்ட் 18, திங்கள்

வாங்குவதற்கான உத்தரவு போய்விட்டது. சிகாமணிக்கும் உத்தரவு வந்துவிட்டது, இம்மாதம் முடியத்தான் வேலை என்று. அதில் நன்றி என்று ஒரு சொல்கூட இல்லை.

எனக்கு வயிறு எரிகிறது. பிள்ளைகள் படிக்கிற சரக்குக்கு இப்படியா விலை வைப்பார்கள் கம்பெனிக்காரர்கள். இந்தப் பதிவாளர் இன்னும் இரண்டு நாள் பொறுத்திருக்கக் கூடாதா, நான் இன்றைக்குக் கடிதத்தோடுதான் போனேன். பையில்தான் இருந்தது. கையெழுத்துப் போடுவது ஒன்றுதான் பாக்கி. துணைவேந்தரைப் போடாத அரசாங்கத்தைச் சொல்ல வேண்டும். யாருக்கும் பொறுப்பில்லை, யாருக்கும் முதுகெலும்பில்லை. இதை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி துறைக் கூட்டத்தில் சொன்னேன். சிகாமணி மட்டும் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

சிகாமணிக்கு வழியனுப்பு. கேக் வாங்கினோம். சால்வை நான் போர்த்தினேன், என் பணத்தில் வாங்கியதுதான். அவரைப் பற்றி நானும் நாலு வார்த்தை நல்லபடியாகப் பேசினேன். அவர் பேச மறுத்துவிட்டார்.

வள்ளியூர் பள்ளிக்கூடத்தில் போன மாதமே வேறு ஆளைப் போட்டுவிட்டார்களாம். மச்சான் வைத்திருக்கிற சிமெண்டுக் கடையில் பில் போடப் போகிறார். அந்தப் பட்டியல் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் பேசவில்லை.

சாவியை ஒப்படைக்க வந்தபோது ஒன்றே ஒன்று கேட்டார். "கம்பெனி ஆளு வந்தா கம்ப்யூட்டர் பூராத்தையும் தொடச்சிட்டுத்தான் புதுசாப் போடுவான். அதுக்கு முந்தி பேச்சியம்மா போட்ட டேபிளை, அந்தப் பீடிக் கணக்கை மட்டும் ஒரு பென்டிரைவ்ல எடுத்து வச்சிருங்க மேடம். அந்தப் பிள்ள ரொம்பக் கஷ்டப்பட்டு ஏத்திருக்கு. எப்படி எடுக்கணும்னு எழுதி ஒட்டிருக்கேன்." சரி என்றேன். இது என்ன பெரிய வேலை.

செப்டம்பர் 10, புதன்

இன்றைக்கு பென்ஷன் பிரிவில் வரச் சொல்லியிருந்தார்கள். இவரோடு சேர்ந்து எடுத்த போட்டோ, கை ரேகை, பேங்க் பாஸ்புக் நகல். போட்டோவில் இவர் காதுக் கருவி தெரிகிறது, கழற்றிவிட்டு வேறு எடுத்து வாருங்கள் என்றான் அங்கே இருக்கிற பையன். ஸ்டுடியோவுக்கும் ஆபீசுக்குமாக அலைந்ததில் பொழுது போய்விட்டது.

திரும்பி வந்தால் கம்பெனி முகவரின் ஆட்கள் லேப்பில் வேலையை முடித்துக் கைகழுவிக்கொண்டிருந்தார்கள். எல்லாக் கம்ப்யூட்டரையும் துடைத்தாயிற்று. அவர்கள் வருவதாக நேற்றே மெயில் அனுப்பியிருக்கிறார்கள். பார்த்த ஞாபகம். பென்டிரைவ் என் கைப்பையில், தலைவலித் தைலத்தோடு கிடந்தது. சிகாமணி ஒட்டிய தாளும் அதே இடத்தில் ஒட்டினபடி இருந்தது, கொட்டை எழுத்தில்.

செப்டம்பர் 12, வெள்ளி

பேச்சியம்மாள் வந்து கேட்டாள். "மேடம், என் டேபிள் எங்க இருக்கு?" என்றாள். இல்லை என்று சொன்னேன். திரும்ப ஏற்றிக்கொள்ளலாம் என்றேன். ஏற்றி முடித்ததும் காலண்டரின் மாதத் தாள்களை அவள் அம்மா அடுப்புப் பற்றவைக்கப் போட்டுவிட்டார்களாம், கம்ப்யூட்டரில்தான் பத்திரமாக இருக்கிறதே என்று. அழுவாள் என்று நினைத்தேன். "சரி மேடம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

இன்னொரு கூத்து. கம்பெனிச் சரக்கு எங்கள் கம்ப்யூட்டர்களில் ஓடவில்லை. புதுப் பதிப்பாம், இவற்றின் மெமரி போதாதாம். ஏற்றினால் திரை அப்படியே நின்றுவிடுகிறது. முகவரின் ஆள், கம்ப்யூட்டரை மாற்றிவிடுங்கள் மேடம் என்று ஏதோ பல்பை மாற்றச் சொல்வது போலச் சொல்கிறான். உலகநாதனிடம் கேட்டேன், அடுத்த வருஷ பட்ஜெட்டில் பார்க்கலாம் என்றார். லைசென்ஸ் இந்த வருஷத்துக்கு மட்டும்தான். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

இலவசத்தையாவது திரும்பப் போடலாமே என்று துறையில் ஒருவர் கேட்டார். காசு கொடுத்து ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு இன்னொன்றை ஓட்டினால் ஆடிட்டில் என்ன சொல்வார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. யோசிப்போம் என்றேன். போடத் தெரிந்தவரும் இப்போது இல்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

டேட்டாபேஸ் லேப்பை நானே எடுக்கிறேன். வேறு ஆள் ஏது. கரும்பலகையில் கட்டளையை எழுதிப் போடுகிறேன், அதைப் போட்டால் திரையில் என்ன வருமோ அதையும் கட்டம் கட்டி எழுதிப் போடுகிறேன். பிள்ளைகள் அதை ரெக்கார்டு நோட்டில் எழுதுகிறார்கள், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, பென்சிலால். போன வருஷப் பிள்ளைகளின் நோட்டு இருக்கிறது, விட்டுப்போனதை அதைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். பரீட்சையும் இப்படியே தாளில் வைத்துக்கொள்ளலாம் என்று மற்ற காலேஜ்களிலும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எல்லாரும் நல்ல மார்க்கில் பாஸ் ஆவார்கள். கம்ப்யூட்டர்கள் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். மேசைக்கு இடம் போதவில்லை என்று கீபோர்டை எடுத்து மானிட்டர் மேல் வைத்துவிட்டு எழுதுகிறார்கள்.

பேச்சியம்மாள் நோட்டுதான் எல்லாரிலும் சுத்தம். திருத்திக் கொடுத்தபோது கேட்டாள்: "மேடம், இதப் போட்டா நெசமாவே இப்படித்தான் வருமா?"

வரும் என்று சொன்னேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

கேள்விப்பட்டது. வேலைக்கு ஆள் எடுக்க டிசம்பரில் ஒரு கம்பெனி வருகிறதாம். எழுத்துத் தேர்வு கிடையாதாம், எல்லாரையும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து டேட்டாபேஸில் வேலை வாங்கிப் பார்ப்பார்களாம். யாரையும் எடுக்க மாட்டார்கள். பிள்ளைகளிடம் இன்னும் சொல்லவில்லை. மீன் வாங்கினேன், நெத்திலி, விலை சொல்லி மாளாது.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை லீவு என்பதால் லேப்பில் இன்றைக்கே ஆயுத பூஜை. வருஷா வருஷம் பொரி, கடலை, பழம் எல்லாம் சிகாமணிதான் வாங்கிவருவார். அவர் வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர், ஆனாலும் கணக்காக வாங்குவார், அவல் மறக்க மாட்டார். இந்த வருஷம் யாரும் வாங்கவில்லை. கடைசி நேரத்தில் நான் போய்க் கிடைத்ததை வாங்கிவந்தேன், பொரி நமத்திருந்தது.

ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தோம். பிள்ளைகள் மாவிலை கட்டினார்கள். சரஸ்வதி படத்துக்கு முன்னால் பேனா, பாடப்புத்தகம். அதோடு கம்பெனி லைசென்ஸையும் லேமினேட் செய்து கொண்டுவந்து வைத்திருந்தான் ஆபீஸ் பியூன். யார் செய்யச் சொன்னது என்று தெரியவில்லை. அதற்கும் ஒரு பொட்டு வைத்தான். சூடம் காட்டும்போது ஒரு கம்ப்யூட்டரும் ஓடவில்லை, எல்லாத் திரையும் கறுப்பாக இருந்தது, அதில் எங்கள் முகம்தான் தெரிந்தது. பேச்சியம்மாள் வரவில்லை. நாலு நாளாகவே வரவில்லையாம். பீடி சுற்ற உட்கார்ந்துவிட்டாள் என்று அவள் ஊர்ப் பெண் சொன்னது.

சிகாமணிக்குப் பொரி கொடுத்துவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. யாரிடம் கொடுத்துவிடுவது. அந்தச் சிமெண்டுக் கடைப் பக்கம் போகிறவர்கள் யாரும் இல்லை.

அக்டோபர் 6, திங்கள்

என் பேரில் ஆடிட் ஆட்சேபணை ஏதும் இல்லை என்று சான்றிதழ் வந்துவிட்டது. என் பணிக்காலம் முழுவதும் எந்தக் கொள்முதலிலும், எந்த ஃபைலிலும் ஒரு குறையும் இல்லை. பென்ஷன் பிரிவில் அந்தப் பையன், "இம்புட்டு கிளீனா யாருக்கும் வந்ததில்ல மேடம்" என்றான். சந்தோஷமாகத்தான் இருக்கிறது. இவருக்குக் காட்டினேன், கண்ணாடி போட்டு இரண்டு தடவை வாசித்துவிட்டு ஜிலேபி வாங்கிவரப் போனார்.

அவர் வருவதற்குள் மேசை டிராயரை ஒழித்தேன். சிகாமணி அடித்துக் கொடுத்த தாள் அடியில் கிடந்தது, இரண்டாவதாக அடித்தது, ஓரத்தில் தாராளமாக இடம் விட்டு. அன்றைக்குக் கக்கிய பேனாவும் கிடந்தது. எழுதுகிறதா என்று பார்க்க வேண்டும், வேறு காகிதம் கையில் அகப்படவில்லை, அதனால் இங்கேயே எழுதிப் பார்க்கிறேன்.

மேற்படி இலவச மென்பொருள், பாடத்திட்டத்தில் குறிப்பிடப்பட்டுள்ள மென்பொருளுக்குச் சமமானது. இதைக் கொண்டே பாடமும் தேர்வும் நடத்தலாம் எனத் துறைத் தலைவர் என்ற முறையில் சான்றளிக்கிறேன்.

ச. செண்பகவல்லி

பேனா நன்றாகத்தான் எழுதுகிறது. குழாய்க்கும் இவரே வாஷர் வாங்கி வருகிறாராம்.